வீங்கிய காலின் கதை

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால், பேச்சு பேரன் பேத்தியில் தொடங்கி மாத்திரையில்தான் போய் முடியும். சர்க்கரைக்கு இரண்டு, ரத்தக்கொதிப்புக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று என்று கணக்கு நீளும். "சாயங்காலம் ஆனா கால் வீங்கிப்போகுது, செருப்புக்குள்ளே நுழைய மாட்டேங்குது" என்று ஒருவர் சொல்வார். "ஒரு நீர் மாத்திரை போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்" என்று பக்கத்திலிருப்பவர் வைத்தியம் சொல்லிவிடுவார்.

அரசு மருத்துவமனைகளில் முப்பத்து நாலு வருடம் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்குச் சேர்ந்தபோது கம்பவுண்டர் என்று கூப்பிட்டார்கள், ஓய்வு பெறும்போது மருந்தாளுநர். பெயர் மாறியதே தவிர, ஜன்னலுக்கு வெளியே நின்ற வீங்கிய கால்கள் மாறவில்லை. அந்த நீர் மாத்திரை எங்கிருந்து வந்தது, அதைப் போடக் கூடாத வீக்கமும் உண்டா என்பதை இன்று எழுதலாம் என்று தோன்றியது.

கும்பகோணம் பக்கத்துக்காரனுக்கு வீங்கிய கால் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது யானைக்கால்தான். எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் கேலி செய்ததே அதை வைத்துத்தான். நான் சிறுவனாக இருந்தபோது இரவு ஒன்பது மணிக்கு மேல் பைலேரியா ஊழியர்கள் வீடு வீடாக வந்து விரலைக் குத்தி ரத்தம் எடுப்பார்கள். பகலில் எடுத்தால் என்ன என்று பாட்டி சண்டை போடுவாள். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலாவும் என்பது அவளுக்குத் தெரியாது. 1872இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் அந்தக் குஞ்சுகளை மனித ரத்தத்தில் கண்டார். 1877இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் இருந்த பாட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடம்புக்குள் போய் வளர்வதைக் கண்டார். யானைக்காலில் அடைபடுவது நிணநீர்க் குழாய். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை எதுவும் செய்யாது.

இன்னொரு வீக்கத்தைச் சென்னை ராணுவத்து மருத்துவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் மால்கம்சன் 1835இல் சென்னையில் பெரிபெரி பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பக்கம் சிப்பாய்களுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுபோகும். தவிடு போகத் தீட்டிய பச்சரிசியில் பி1 வைட்டமின் இல்லாததுதான் காரணம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகளில் அந்த நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது வைட்டமின் உள்ளே இறங்கிவிடுகிறது. பாட்டி புழுக்கிய நெல்லுக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு.

ஆக, வீக்கம் என்பது ஒரு நோய் அல்ல, ஓர் அடையாளம். நம் சித்த வைத்தியர்கள் சோபை, பாண்டு, மகோதரம் என்று பிரித்துப் பேசினார்கள். நீர்முள்ளி, மூக்கிரட்டை, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் நீர் பிரிய வைக்கும் மூலிகைகளாக நம் வீடுகளில் புழங்கியவை. பொங்கல் காப்புக்குக் கட்டும் சிறுபீளையை, பண்டிகை முடிந்ததும் காயவைத்துக் கஷாயத்துக்கு எடுத்து வைத்த வீடுகள் உண்டு. ஐரோப்பாவில் இதையெல்லாம் டிராப்சி என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். அங்கே வைத்தியம் நம்மைவிடக் கொடூரமாக இருந்தது. தண்ணீர் கோத்த காலைக் கத்தியால் கீறிவிட்டு வடிய விடுவார்கள். ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் 1784 டிசம்பரில் இறப்பதற்குச் சற்று முன், வீக்கம் தாளாமல் தன் காலைத் தானே கீறிக்கொண்டார். அதற்கும் நூறு வருடம் கழித்துக்கூட சௌதி என்ற லண்டன் மருத்துவர் செய்த சிறு குழாய்களைக் காலின் தோலுக்கடியில் குத்தி, ரப்பர் குழாய் வழியாகப் பாத்திரத்தில் நீரை இறக்கினார்கள். சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் வடியும். காய்ச்சலும் சீழும் வந்து இறந்தவர்களும் உண்டு.

ஜான்சன் இறந்த அடுத்த ஆண்டு, 1785இல், பர்மிங்ஹாம் மருத்துவர் வில்லியம் விதரிங் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்குப் பத்து வருடத்துக்கு முன் அவரிடம் ஒரு குடும்ப மருந்துச் செய்முறை வந்தது. ஷ்ராப்ஷயர் கிராமத்துக் கிழவி ஒருத்தி, பெரிய வைத்தியர்கள் கைவிட்ட நீர் வீக்கத்தையும் குணமாக்குகிறாள் என்றார்கள். அதில் இருபதுக்கு மேற்பட்ட பச்சிலைகள். மற்றவை எல்லாம் ஒப்புக்கு, வேலை செய்வது பாக்ஸ்கிளவ் என்ற ஊதாப் பூச்செடி ஒன்றுதான் என்று விதரிங் பிடித்துவிட்டார். தாவரவியல் தெரிந்தவர் அல்லவா. பத்து வருடம் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். பலித்த நோயாளிகளை மட்டுமல்ல, பலிக்காதவர்களையும் எழுதிவைத்தார். அளவு கூடினால் வாந்தி வரும், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும், நாடி மெதுவாகும் என்று எச்சரித்தார். அந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து 1930இல் பிரித்தெடுத்ததுதான் டிஜாக்ஸின். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை நான் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். விதரிங் இதைச் சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தாகத்தான் கருதினார், இதயத்தின் ஓட்டத்தின் மேல் அதற்கு ஒரு பிடி இருக்கிறது என்பதையும் குறித்துவைத்தார். இதயம் பலமாக அடிப்பதால் நீர் இறங்குகிறது என்பது பிறகுதான் தெளிவானது.

வீக்கம் எல்லாமே இதயத்தால் வருவதில்லை என்று காட்டியவர் லண்டனின் ரிச்சர்ட் பிரைட். 1827இல் அவர் எழுதியது இது: சில நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திக்கு மேல் காட்டினால், முட்டையின் வெள்ளைக்கரு போல உறைகிறது. இறந்த பின் பார்த்தால் அவர்களுடைய சிறுநீரகம் கெட்டிருக்கிறது. நாங்கள் சோதனைக் குழாயைச் சுடவைத்து "ஆல்புமின் இருக்கு" என்று எழுதிக் கொடுத்ததெல்லாம் அந்தக் கரண்டியின் வாரிசுதான்.

நீர் ஏன் கோக்கிறது என்பதற்கு 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கம் சொன்னார். மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களில் இரண்டு சக்திகள் எதிரெதிராக இழுக்கின்றன. ரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்திலுள்ள புரதம் நீரை உள்ளே பிடித்து வைக்கிறது. அழுத்தம் கூடினாலும் புரதம் குறைந்தாலும் நீர் கசிந்து சதைக்குள் தங்கும். நிற்கும் மனிதனுக்குப் பள்ளம் கணுக்கால்தான், வாய்க்கால் தண்ணீர் மாதிரி அங்கே போய்த் தேங்குகிறது.

அடுத்து உப்பு. டைபாய்டு என்றால் நம் ஊரில் எழுதிக்கொடுக்கும் வைடால் டெஸ்ட் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாரிஸ் மருத்துவர் விடால்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உப்பைக் கொடுத்தும் நிறுத்தியும் எடை பார்த்தார். உப்பு ஏறினால் வீக்கம் ஏறியது, உப்பை நிறுத்தினால் வடிந்தது. உடம்பு உப்பைப் பிடித்து வைத்தால் நீரும் கூடவே தங்கும். பிறகு ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன வால்டர் கெம்ப்னர், டியூக் பல்கலைக்கழகத்தில் கடுமையான ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு உப்பில்லாத சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் கொடுத்து வீக்கத்தையும் கொதிப்பையும் இறக்கிக் காட்டினார். 1940களில் அமெரிக்காவில் அது "சோற்று வைத்தியம்" என்று பேர் வாங்கியது. சோற்றையும் உப்பையும் பிரித்து நினைக்க முடியாத நமக்கு இது வேடிக்கைதான்.

முதல் உண்மையான நீர் மருந்து தற்செயலாகக் கிடைத்தது. 1919, வியன்னா. பிறவியிலேயே மேகநோய் வந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பாதரசம் கலந்த ஊசி போட்டார்கள். நர்ஸ் எழுதிய அட்டவணையில் அன்று சிறுநீர் அளவு எகிறியிருந்தது. ஆல்பிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர் அதைக் கவனித்தார். இதயம் பலவீனமாகி வீங்கிக் கிடந்த ஒருவருக்கும் அதைப் போட்டுப் பார்த்தார்கள், லிட்டர் லிட்டராக நீர் பிரிந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது வருடம் உலகம் முழுக்கப் பாதரச ஊசிதான். எனக்கு முந்திய தலைமுறைக் கம்பவுண்டர்கள் மெர்சாலில் ஊசியைப் பற்றிப் பயமும் மரியாதையும் கலந்து பேசுவார்கள். மாத்திரையாக விழுங்க முடியாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிலருக்குப் போட்டவுடனேயே உயிர் போகும். ஆனாலும் வேறு வழியில்லை.

வழி பிறந்தது ஒரு பக்கவிளைவிலிருந்து. கிருமிகளைக் கொல்ல வந்த சல்பா மருந்து உடம்பின் அமிலச் சமநிலையைக் குலைப்பதை 1930களில் கண்டார்கள். 1949இல் பாஸ்டன் மருத்துவர் வில்லியம் ஷ்வார்ட்ஸ், இதய வீக்கக்காரர்களுக்கு அதையே கொடுத்து உப்பு வெளியேறுவதைக் காட்டினார். நீண்ட நாள் கொடுக்க முடியாத அளவுக்கு விஷம். ஆனால் அந்தச் சல்பாவின் வடிவத்தை மாற்றி மாற்றி, அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயரும் கூட்டாளிகளும் குளோரோதையசைடு மாத்திரையைக் கொண்டுவந்தார்கள். 1958இல் கடைக்கு வந்தது. வீக்கத்துக்காகத் தேடினார்கள், ரத்தக்கொதிப்புக்கும் அது அருமருந்தாயிற்று. 1960களில் ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் பிரூசமைடைத் தந்தது, லாசிக்ஸ் என்றால் நம் கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். ஆறு மணி நேரம் வேலை செய்வதால் ஆங்கிலத்தில் அந்தப் பேர் வந்தது என்பார்கள். மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே நுரை தள்ளிக்கொண்டு வந்தவர், ஒரு லாசிக்ஸ் ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் "தண்ணி கொடும்மா" என்று கேட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த மருந்தைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நீரை இறக்கும் மருந்து பிறந்த அதே காலத்தில், நீரை ஏற்றும் மருந்துகளும் பிறந்தன. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். 1950இல் நோபல் பரிசும் வந்தது. கூடவே முகம் பூரித்து நிலா போலாவதும், உடம்பில் உப்பும் நீரும் தங்குவதும் தெரிந்தன. மூட்டுவலி மாத்திரைகள் ஏன் கால் வீக்கம் தருகின்றன என்பதும் 1970களில் விளங்கியது. வலியை உண்டாக்கும் அதே பொருள்தான் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓட வைக்கிறது. அதை அடக்கினால் வலியும் குறையும், சிறுநீரகம் உப்பைப் பிடித்தும் வைக்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் பியோகிளிட்டசோன், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரீகேபலின், இவையும் சிலருக்கு வீக்கம் தரும்.

நம் தெருவில் அதிகம் பேர் சாப்பிடும் அம்லோடிபின் தனி ரகம். 1990களில் வந்து, இன்று அரசு மருத்துவமனையிலும் "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர் வீட்டுக்கே கொண்டுவரும் பையிலும் இருக்கும் நல்ல மருந்து. பல உயிர்களைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் அது ரத்தம் வரும் குழாயை விரிக்கிற அளவுக்கு, திரும்பிப் போகும் குழாயை விரிப்பதில்லை. மதகைத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்ட வயல் மாதிரி. ஸ்டார்லிங் சொன்ன அழுத்தம் கூடி, கணுக்காலில் நீர் கசிகிறது. அளவு 5 மில்லிகிராமிலிருந்து 10க்குப் போனால் வீக்கமும் கூடும், பெண்களுக்கு இன்னும் அதிகம். இங்கே உடம்பில் உப்பு கூடவில்லை, நீர் இடம் மாறி நிற்கிறது. அதனால் நீர் மாத்திரை இந்த வீக்கத்தைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

என் அக்காவுக்கு நடந்தது இதுதான். அப்போது அவளுக்கு 76 வயது, வேறு ஊரில் மகன் வீட்டில் இருந்தாள். கொதிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டிய இரண்டு மாதத்தில் இரண்டு காலும் வீங்கின. வேறொரு இடத்தில் காட்டினார்கள், நீர் மாத்திரை எழுதினார்கள். குறையவில்லை, இன்னொரு நீர் மாத்திரை சேர்ந்தது. முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை வேறு. அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருந்ததால் கல்யாணம், கோயில் என்று வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மகனையே அடையாளம் தெரியாமல் உளற ஆரம்பித்தாள். மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தத்தில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135க்கு மேல். பேரன்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், பக்கவாதம் என்றும் வயசான மறதி என்றும் ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

அங்கே இருந்த இளம் மருத்துவர் மருந்துப் பையை அப்படியே கொண்டுவரச் சொன்னார். மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தபடி கேட்டார்: "சார், இதிலே நோய்க்குக் கொடுத்தது எது, மாத்திரைக்காகக் கொடுத்த மாத்திரை எது?"

நான் மருந்து கொடுத்த காலம் முழுக்க இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதை, 1990களில் பவுலா ரோஷன், ஜெர்ரி கர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் தனியாகப் பேர் வைத்து எழுதினார்கள். அருவி ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு விழுவது போல மருந்து மருந்தாக இறங்கும் என்பது அதன் பொருள். முதியவர்களுக்குத்தான் இந்த அருவியில் ஆபத்து அதிகம்.

அக்காவுக்கு நீர் மாத்திரை இரண்டையும் நிறுத்தினார்கள், சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள். கொதிப்பு மாத்திரையின் அளவைக் குறைத்து, கூட வேறு வகை மாத்திரை ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த வகை, திரும்பிப் போகும் குழாயையும் விரித்து வீக்கத்தைக் குறைக்கும். மூன்று வாரத்தில் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. "தம்பி, என் கொலுசு இப்பத்தாண்டா மேலே ஏறுது" என்று போனில் சிரித்தாள். 2016 மகாமகத்துக்கு வந்து, கூட்டத்தில் இடிபட்டு, குளத்தில் முழுகிவிட்டுத்தான் போனாள்.

இத்தனை வரலாற்றிலிருந்து நம் வயதுக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். கால் வீங்கினால், கடைசி மூன்று மாதத்தில் எந்த மாத்திரை புதிதாக வந்தது, எதன் அளவு கூடியது என்று முதலில் யோசியுங்கள். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் காத்திருக்கிறது. பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், எடை பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். இதய நோயாளிகள் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், மூச்சு வாங்கினால் இதயமாக இருக்கலாம். இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது. படுக்கும்போது காலடியில் இரண்டு தலையணை, உட்காரும்போது பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, இவற்றுக்குச் செலவில்லை. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு தேக்கரண்டி, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அதில் அடக்கம்.

மூலிகைக் கஷாயம் குடிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இளநீர்கூட அளவோடுதான். இதய வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதியிருந்தால் அதைக் காலையிலேயே போடுங்கள், ராத்திரித் தூக்கமாவது மிஞ்சும். வெளியூர் போகிற நாளில் அதை விட்டுவிடாமல், நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஆங்கில மருந்து, நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கியது என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால், உங்கள் தெரு மருந்துக்கடையில் படித்த மருந்தாளுநர் இருப்பார், அவரிடம் காட்டுங்கள். பத்து நிமிட வேலை அது.